பிளான் அக்கா விட்ட இடம்

"போர்வையை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. புது ரூம்ல என்ன, உட்கார்ந்தபடியேதான் இருக்கப்போறீங்களா?"

பிளான் அக்கா குரல் கொடுப்பது, அறை கட்டப்போகும் வீட்டிலிருந்து அல்ல, அதற்குப் பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து. வெளியே, வீட்டை ஒட்டி ஓர் அறை கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட மனிதர், இரண்டு கம்புகளில் கட்டிய போர்வையைத் தான் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமுமாக, சுவர் எழும்பப்போகும் இடத்தில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கை வலிக்கிறது. அக்காவுக்கு அவசரமே இல்லை. அடுப்படிக்கு வெளிச்சம் போதுமா, பாத்திரம் துலக்கும்போது அழுக்குத் தெரியுமா என்று அந்த வீட்டம்மாளை விசாரித்துக்கொண்டிருக்கிறார். அந்த அம்மாள் தலையாட்டிய பிறகுதான் பென்சிலைக் கையில் எடுப்பார்.

வீட்டுக்கு வரைபடம் போட்டு அனுமதி வாங்கித் தருவது அவர் தொழில். பக்கவாட்டு அறை என்றால் விதிகளைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஒரு தளத்துக்கு மேல் கூடாது. வீட்டின் அகலத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தெருவைப் பார்த்த முன்சுவரை விட்டுச் சற்றே பின்தள்ளி நிற்க வேண்டும். எல்லைச் சுவரை ஒட்டாமல், ஓர் ஆள் ஏணியோடு போய்வர இடம் விட வேண்டும். இந்தக் கடைசி விதிக்கு வந்ததும் எல்லாரும் பேரத்தை ஆரம்பிப்பார்கள். அக்காவிடம் அந்தப் பருப்பு வேகாது. "சுவருக்கு ரெண்டு பக்கம் இருக்கு. நீங்க ஒண்ணைத்தான் பாக்குறீங்க" என்று முடித்துவிடுவார்.

விருந்துக்குப் போன இடத்திலும் சும்மா இருக்க மாட்டார். கைப்பையில் தலைவலி மாத்திரையோடு அளவு நாடாவும் கிடக்கும். காப்பி ஆறுவதற்குள் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்து, யார் எங்கே எவ்வளவு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். இவர் வருகிறார் என்றாலே நாத்தனார் பக்கவாட்டுக் கதவைப் பூட்டிவிட்டு, சாவியைக் காணோம் என்று சாதிப்பாராம்.

நான் அக்காவுக்கு அடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஓர் எல்லைச் சுவர்.

போன வருஷம் அவர் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். படுக்கையறையும் குளியலறையும் மாடியில். அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே நாத்தனார் வீட்டுக்குத்தான் கொண்டுபோக முடிந்தது. நம்ம வீட்டுக்கு எப்போது போகிறோம் என்று அங்கே அவர் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கீழே பக்கவாட்டில் ஓர் அறை எழும்பினால்தான் அவர் திரும்பி வர முடியும். ஆனால் விதிப்படி இடம் விட்டால், உள்ளே கட்டிலைப் போட்ட பிறகு நாற்காலி திரும்பாது. ஒரு முழம் இடம் போதவில்லை.

அடுத்த வீட்டுக்காரர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் ஒட்டிக் கட்டிக்கொள்ளலாம் என்று அதே விதியில் ஒரு சலுகை உண்டு. நான் பேனாவோடு போய் நின்றேன்.

"போடுவீங்க தம்பி, எனக்குத் தெரியும்" என்றார் அக்கா. "என் முகத்துக்காகப் போடுவீங்க. நாளைக்கு உங்க வீட்டுக்கு வேற யாராவது குடி வருவாங்களே, அவங்களுக்குப் பதிலா யாரு போடுறது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மனுஷன் அங்கே வீட்டுக்கு ஏங்கிக் கிடக்கிறார், இங்கே இவருக்கு வீம்பு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று நேராகவே கேட்டேன். அக்கா என் பேனாவை வாங்கி, மூடித் திருப்பிக் கொடுத்தார்.

சில நாளில் அவர் வீட்டிலிருந்து சம்மட்டிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், தன் வரைபட அறையின் சுவரைத்தான் இடித்துக்கொண்டிருக்கிறார். பெரிய ஜன்னலும் அகல மேசையுமாக, அந்த வீட்டில் அவர் தனக்கென்று வைத்திருந்த ஒரே அறை. அதில் பாதியை, வெளியே விதிப்படி இடம் விட்டு எழும்பும் புது அறைக்குக் கொடுத்துவிட்டார். மீதிப் பாதியில் குளியலறை. மேசை குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் ஒடுங்கிக்கொண்டது. "வெளியில போக வழியில்லன்னா உள்ள வர வேண்டியதுதானே" என்றார், தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு. என் பக்கத்து எல்லைச் சுவரை ஒரு செங்கல்கூட நெருங்கவில்லை. நான் பேசியதை நினைத்து வெட்கமாக இருந்தது.

போன வாரம் அக்காவின் கணவர் வீட்டுக்கு வந்தார். வாசலில் கைகொடுக்க நானும் போயிருந்தேன். புது அறைக்குள் தானே உருட்டிக்கொண்டு போய், கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினார். எங்கும் இடிக்கவில்லை. "பஸ்ஸையே இதைவிடச் சின்னச் சந்துல திருப்பினவன் நான்" என்று மனைவியிடம் பெருமையடித்தவருக்குப் பாதியிலேயே குரல் கம்மிவிட்டது. இந்த அக்காவுக்கு அடுத்த வீட்டுக்காரன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு எவ்வளவு பெருமை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அக்கா அதோடு விடவில்லை. ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து சுவரோரம் போட்டு, என் தோளை அமுக்கி அதில் உட்கார வைத்தார். "உங்களைப் பாக்க வர்றவங்க நின்னுக்கிட்டா பேசுவாங்க? இப்பச் சுத்துங்க" என்றார் கணவரிடம். சக்கரம் என் முழங்காலைத் தொடாமல் சுற்றி வந்து நின்றது. அக்கா குனிந்து, மிச்சமிருந்த இடைவெளியைப் பார்த்தார். பிறகு என்னை ஸ்டூலோடு இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, "இன்னொரு தடவை" என்றார்.