உம்மா ஏறும் காருக்குக் காற்று

சுட்டுவிரல் நகம் வால்வின் ஊசியை அமர்த்தியது. காற்று சீறி இறங்கியது. மற்றக் கை ரயரின் பக்கத்தில் படிந்து, இறுக்கம் குறைவதைக் கவனித்தது. நாலு ரயருக்கும் இருபத்தாறு இறாத்தல் காற்று வைத்த பிறகு அந்தக் கைகள் இடுப்பில் கட்டிய சாரத்தில் தங்களைத் துடைத்துக்கொண்டன.

மன்னாரில் யாரும் செய்வதுதான் அது. காற்றைக் குறைத்தால் கரை மணலில் வண்டி புதையாது. குழி றோட்டில் தூக்கிப் போடாது. பள்ளிமுனையில் ரயர் கடை வைத்திருந்த அருளப்புவுக்கு அது கைப்பழக்கம். சண்டைக் காலத்தில் கடலுக்குப் போகப் பாஸ் கெடுபிடி வந்து மீன்பிடித் தொழில் படுத்தபோது சைக்கிள் ரியூப் ஒட்டத் தொடங்கியவர் அவர். பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய ட்ரக்டர்கள் வந்தன. ஒட்டுத்துண்டு கிடைக்காத நாட்களில் பழைய ரியூபையே வெட்டி ஒட்டினார். ஆனால் இப்படியொரு ரயர் அவர் கைக்கு வந்ததில்லை. றிம்முக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் உயரம்தான் இருந்தது.

சண்டை நின்று பாதை திறந்திருந்த 2003ஆம் ஆண்டு. காரைக் கொண்டுவந்தவன் மர்சூக். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது தன் தாயான உம்மாவோடு புத்தளம் போனவன், இப்போது மூர் வீதியில் விட்டுப்போன வீட்டுக்குக் கூரை போட்டுவிட்டு அவரைக் கூட்டிவர நின்றான். உம்மாவுக்கு முள்ளந்தண்டில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. பஸ் சரிவராது. கூட்டாளி ஒருவன் தந்த கார் இது. முந்திய சொந்தக்காரர் வடிவுக்காக ரயர்களை மாற்றியிருந்தார். கதவில் ஒட்டியிருந்த காற்றளவு பழைய ரயருக்கு உரியது.

"மெத்தெண்டு இருக்கோணும் அண்ணை. உம்மா குலுக்கம் தாங்கமாட்டா. இன்னும் குறைச்சாலும் பரவாயில்லை" என்றான் மர்சூக்.

அருளப்பு உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். "இஞ்சாரும், வந்து பின் சீற்றில இரும்."

பெற்றிசியா கை ஈரத்தோடு வந்தாள். "எங்க போறம்?"

"எங்கயும் இல்லை. உம்மாவும் சாமானும் ஏறினா வாற பாரம் வேணும்."

"ஏன், அரிசி மூட்டை கிடைக்கேல்லையோ?"

"மூட்டை எங்க நோகுதெண்டு சொல்லாது."

"நோகிற இடமெல்லாம் சொல்லுங்கோ அக்கா" என்றான் மர்சூக்.

"அதைச் சொல்லி முடிக்கப் பாலத்தடி வரைக்கும் ஓடினாலும் காணாது தம்பி."

லொறிகளுக்குச் செய்வதுபோல அருளப்பு ஒவ்வொரு ரயரிலும் தரையில் படும் முகத்தில் குறுக்காக வெண்கட்டியால் ஒரு கோடு கீறினார். முன்சீற்றில் ஏறி, மர்சூக்கைத் தார் றோட்டில் மெதுவாக ஓட்டச் சொன்னார். பெற்றிசியா சாய்ந்துகொண்டு, "சாய்மனைக் கதிரை மாதிரி இருக்கு" என்றாள். மர்சூக்கின் முகம் மலர்ந்தது. கோட்டைப் பக்கம் ஒரு குழியில் சில்லு இறங்கியபோது 'ணங்' என்று இரும்புச் சத்தம் கேட்டது.

அருளப்பு இறங்கிக் குனிந்தார். கோடு இரண்டு ஓரங்களிலும் அழிந்து, நடுவில் மட்டும் வெள்ளையாக நின்றது. ரயர் நடுப்பகுதி ஊன்றாமல் ஓரங்களில் ஓடியிருக்கிறது. பக்கத்தை அங்குலம் அங்குலமாகத் தடவினார். வெட்டு இல்லை, வீக்கமும் இல்லை.

"பிழை என்ர. மணலுக்கு வைக்கிற காத்தை இதுக்கு வைச்சுப்போட்டன். இந்த ரயருக்கு உயரம் இல்லை. றிம் கீழ வந்து றோட்டில முட்டுது."

"கூட்டினா உம்மாவுக்கு நோகுமே அண்ணை."

"குறைச்சா ரயர் கிழியும். முருங்கனுக்கு அங்கால உம்மாவை வெயிலில இருத்திப்போட்டு, இந்த அளவு ரயரை எங்க தேடுவீங்கள்?"

மர்சூக் காரைக் கடைக்குத் திருப்பினான்.

அருளப்பு நாற்பதுக்குக் கூட்டினார். புதிதாகக் கோடு கீறி ஓடியபோது, இம்முறை கோட்டின் நடு அழிந்து ஓரங்கள் வெள்ளையாக இருந்தன. பெற்றிசியா கதவைத் திறந்தபடியே சொன்னாள்: "இதில உம்மாவை ஏத்தாதேங்கோ. என்ர பல்லே ஆடுது."

பிறகு வேலை மெதுவாக நடந்தது. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பின்னர் காரை நிழலில் விட்டு, ரயர் ஆறும்வரை அருளப்பு காத்திருந்தார். சூட்டில் காற்றளவு மீற்றர் கூடுதலாகக் காட்டும். ஆறியதும் கொஞ்சம் இறக்குவார், கோடு கீறுவார், மறுபடி ஓட்டம். பெற்றிசியா மீன் ஆய்வதை விட்டுவிட்டு வந்து வந்து ஏறினாள். பின்னேரம் முன்சில்லுக்கு முப்பத்துநாலும் பின்சில்லுக்கு முப்பத்தாறும் நின்றபோது, கோடு ஒரு கரையிலிருந்து மறுகரை வரை ஒரே சீராக அழிந்திருந்தது.

கோட்டைப் பக்கத்துக் குழியை மர்சூக் ஊர்ந்து கடந்தான். இரும்புச் சத்தம் இல்லை. இருவரும் பெற்றிசியாவைப் பார்த்தார்கள். அவள் தன் இடுப்பில் கை வைத்தபடி யோசித்தாள்.

"குலுக்கம் தெரியுது. ஆனா முதுகுக்கு ஏறேல்லை. இடுப்புக்கு ஒரு தலையணை குடுத்து, குழியெல்லாத்துக்கும் இப்பிடியே மெல்ல இறக்கினா தாங்குவா."

"நீங்கள் தாங்கினா உம்மாவும் தாங்குவாதானே" என்றான் மர்சூக்.

"என்னை என்ன, உம்மாவின்ர வயசெண்டோ நினைச்சீங்கள்?"

கடைக்குத் திரும்பியதும் அருளப்பு வால்வு மூடிகளை ஒவ்வொன்றாகப் பூட்டினார்.

"புத்தளத்தில விடியக் காலமை, வெளிக்கிட முன்னம் ஒருக்காக் காத்தைப் பாருங்கோ. ஓடின சூட்டில கூடக் காட்டினா அதைப் பாத்துக் குறைச்சுப்போடாதேங்கோ."

"அப்ப உம்மாட்ட வெளிக்கிடச் சொல்லட்டோ அண்ணை?"

"ஓம். சொல்லுங்கோ."

சாரத்தில் துடைத்த கையால் அருளப்பு கடை மேசையில் கிடந்த கார்த் திறப்புக் கோர்வையை எடுத்து அவனிடம் நீட்டினார்.