நம்பர் ஃபோருக்கு ஒரு சீனிக்கட்டி

மகளுக்குப் புதிய கிரிக்கெட் மட்டை வாங்கிக் கொடுத்தோம். வாங்கியதோடு தகப்பனின் கடமை முடிந்தது என்று நினைத்திருந்தேன். அதற்கு எண்ணெய் வேறு பூச வேண்டுமாம். லண்டன் மோர்டனில் எங்கள் சாப்பாட்டு மேசையில் மட்டையைக் கிடத்தி, என்னுடைய பழைய பெனியன் துண்டோடு உட்கார்ந்தேன். ஆளிவிதை எண்ணெய்ப் போத்தலின் மூடியைத் திறந்ததும் எனக்குத் துவக்கு மணத்தது.

துவக்கு என்றால் வெடிமருந்துதான் மணக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள். ஊரில் இருந்தபோது நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். கிட்டப்போய் மணந்து பார்க்கிற வசதி அங்கே இருக்கவில்லை. நன்றாகப் பராமரித்த பழைய ராணுவத் துவக்கு கிரிக்கெட் மட்டையைப் போலத்தான் மணக்கும். இரண்டின் மரத்துக்கும் ஒரே எண்ணெய்.

"அப்பா, வீடு ஃபுல்லா மணக்குது. கராஜுக்குக் கொண்டுபோங்கோ" என்றாள் மகள். கொண்டுபோனேன். மணம் கராஜோடு நிற்கவில்லை, முப்பது வருடங்களுக்கும் மேல் பின்னால் போய்விட்டது.

அப்போது நான் ஸ்ட்ரெதமில் தேவண்ணையோடு ஒரே அறையில் இருந்தேன். தேவண்ணை எனக்கு உறவில்லை; முன்னமே வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டவர் என்பதால் அண்ணை. அகதிக் கோரிக்கை எழுதிக் கொடுத்துப் பதிலுக்குக் காத்திருந்தேன். வேலை செய்ய அனுமதி வந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒரு வேலை கிடைத்தது. தேவாலய மண்டபமொன்றில் கூடுகிற பதினெட்டு வெள்ளைக்காரருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது.

அவர்கள் பழைய ராணுவத் துவக்குகள் சேர்ப்பவர்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தையொட்டிய துவக்குகள். எல்லாவற்றினதும் குழலை அடைத்திருந்தார்கள், சுட ஏலாது. சுட முடியாத ஒன்றைப் பற்றி மனிதர் அவ்வளவு சத்தமாகச் சண்டை பிடிப்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஒருவருக்குப் பிரிட்டிஷ் நம்பர் ஃபோர்தான் உசத்தி. இன்னொருவருக்கு அமெரிக்கக் கராண்ட். அது ஒவ்வொரு வெடிக்கும் பிறகு தானாகவே அடுத்ததை ஏற்றிக்கொள்ளும். ரஷ்யத் துவக்கு வைத்திருந்தவரிடம், அதன் நீளத்துக்கு ஓடம் வலிக்கலாம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அவர் கோபித்துக்கொண்டு பிஸ்கட் எடுக்க வருவார். அவரால்தான் பிஸ்கட் சீக்கிரம் முடியும்.

விஷயத்தைக் கேட்ட தேவண்ணை சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உலகத்தில வேற வேலை கிடைக்கேல்லையோ உனக்கு? துவக்குக்குப் பயந்து ஓடிவந்தனான் எண்டு எழுதிக் குடுத்துப்போட்டு, துவக்குக்காரருக்குத் தேத்தண்ணி ஊத்திறாய்."

"அது சுடாது அண்ணை."

"கேஸ் முடியுமட்டும் ஒண்டையும் தொடாத. கேட்டா ஒண்டும் தெரியாது எண்டு சொல்லு."

"தெரியாதுதானே அண்ணை."

"சத்தத்தைக் கேட்டே என்ன சாமான் எண்டு சொல்லுவாய். நீ இயக்கத்தில இருக்கேல்லை எண்டு பிறகு வெள்ளைக்காரனுக்கு விளங்கப்படுத்துவியோ?"

ஆகவே ஒன்றும் தெரியாதவனானேன். அந்த வேஷம் எனக்கு இயல்பாகவே பொருந்தியது என்று மனைவி இப்போதும் சொல்கிறாள். ஊரில் பொலிஸ்காரரின் தோளில் தொங்கிய த்ரீ நாட் த்ரீயின் தம்பிதான் நம்பர் ஃபோர். அதைக் காட்டி, "இது முயல் சுடவோ?" என்று கேட்டேன். செயலாளர் ஹார்ப்பர் துவக்கை என் கைக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்தி வைத்தார். தபால் கந்தோரிலிருந்து ஓய்வு பெற்றவர், நம்பர் ஃபோருக்காக உயிரையும் கொடுப்பார்.

வேஷம் எனக்குப் பொருந்தியது, காலுக்குத்தான் பொருந்தவில்லை. ஸ்ட்ரெதமிலிருந்து சைக்கிளில்தான் போவேன். முதல் ஞாயிறு ஹார்ப்பர் காரிலிருந்து இறங்கி, தோளில் துவக்கோடு மண்டபக் கேற்றடியில் நின்றார். இருபது யார் தூரம் இருக்கும்போதே நான் இறங்கிவிட்டேன். தொப்பியைக் கழற்றி, சைக்கிளை உருட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து அவரைக் கடந்து போனேன். ஊரில் ராணுவச் சென்ரியைக் கடக்க வேறு வழியில்லை. இறங்காமல் ஓடிக்கொண்டு போனவர்களுக்கு நடந்ததைக் கேட்டுத்தான் வளர்ந்தோம்.

ஹார்ப்பர் அதை மரியாதை என்று நினைத்தார். அப்படியொரு பண்பாடு இந்த நாட்டிலும் ஒருகாலம் இருந்தது என்று உள்ளே போய்ப் பேசினார். சைக்கிளில் வருகிற மற்ற இரண்டு அங்கத்தவர்களும் வெட்கப்பட்டு இறங்கத் தொடங்கினார்கள். ஒரு மாதத்தில் கேற்றில் பலகை ஏறியது: சைக்கிளில் வருவோர் இறங்கி நடக்கவும். ஊரில் ராணுவம் போட்ட சட்டத்தை லண்டனில் நான் போட்டேன்.

வருடத்துக்கு ஒருமுறை எது மிகச் சிறந்த துவக்கு என்று வாக்கெடுப்பார்கள். வாக்குச்சீட்டு, சீனிக்கட்டி. பிடித்த துவக்கின் முன்னால் ஒன்றை வைக்க வேண்டும். அந்த வருடம் நம்பர் ஃபோருக்கு எட்டு, கராண்டுக்கு எட்டு. ரஷ்யத் துவக்குக்கு அதன் சொந்தக்காரர் வைத்த ஒன்று. ஜெர்மன் மவுசருக்கும் ஒன்று. வைத்தவர் மனம் மாறி அதைத் தன் தேத்தண்ணீருக்குள் போட்டுவிட்டார். சண்டை முற்றியதும் ஹார்ப்பர் சீனிப் பாத்திரத்தை என்னிடம் நீட்டினார்.

"நீதான் நடுநிலையானவன். உனக்கு ஒன்றும் தெரியாது. எது நல்லது?"

தேவண்ணை நினைவுக்கு வந்தார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒன்றரை வருடமாக ஒரு சபையில் வாயை மூடிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்தானிடம் தீர்ப்புக் கேட்டுவிட்டார்கள். சீனிக்கட்டியை நம்பர் ஃபோரின் முன்னால் வைத்தேன்.

"ஏன்?" என்றார் கராண்ட்காரர்.

"இது ஒரு வெடிக்குப் பிறகு கையால் இழுத்துத்தான் அடுத்ததை ஏற்ற வேண்டும். அதற்குள் ஒரு வேலி பாயலாம். தானாக ஏற்றுகிறதில் அதற்கு நேரமில்லை."

எட்டு பேர் வென்றிருந்தார்கள். ஒருவரும் கைதட்டவில்லை. ஹார்ப்பர் துவக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு யன்னலுக்கு வெளியே சாத்தியிருந்த என் சைக்கிளைக் கனநேரம் பார்த்தார்.

தேவண்ணைக்கு அன்றே சொன்னேன்.

"அந்தத் துவக்குகளின்ர குழலை அடைச்ச மாதிரி உன்ர வாயையும் ஆரும் அடைச்சிருக்கவேணும்" என்றார். அந்தக் கிழமை முழுக்க எனக்கு நித்திரையில்லை. வேலைசெய்கிற இடத்திலிருந்து நற்சாட்சிக் கடிதம் ஒன்று வேண்டுமென்று வழக்கறிஞர் வேறு கேட்டிருந்தார். அதை எழுத வேண்டியவர் ஹார்ப்பர்; முன்னமே கேட்டும் வைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு கேற்றடியில் ஒரு துவக்கும் தெரியவில்லை. கார்களிலிருந்து போர்வையில் சுற்றியும், யன்னல் சீலையில் சுற்றியும் கொண்டுபோனார்கள். ரஷ்யத் துவக்கு அதன் சொந்தக்காரரின் மனைவியுடைய இஸ்திரி மேசை உறைக்குள் வந்தது. அப்போதும் அரைவாசி வெளியே நின்றது. ஹார்ப்பர் எனக்காகக் காத்திருந்தார். நான் வழமைபோல் இறங்கினேன்.

"இனி நீ இறங்கத் தேவையில்லை" என்றார்.

"பலகையில் போட்டிருக்கிறதே" என்றேன்.

பலகையைப் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்றார்.

பிறகு சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்துத் தந்தார். அதில் இருந்தது இவ்வளவுதான்: நேரம் தவறாதவர். சட்டத்தை மதிப்பவர். துவக்குகளைப் பற்றி இவருக்கு எதுவும் தெரியாது. தேநீரைப் பற்றியும் அப்படியே.

"சேர், போன கிழமை நான் சொன்னது..."

"நீ வேலியைப் பற்றித்தான் சொன்னாய்" என்றார்.

அந்தக் கடிதம் எவ்வளவு உதவியது என்று தெரியாது. எட்டு மாதத்தில் விசா வந்தது. தேவண்ணை கடிதத்தின் பிரதியை இரண்டுதரம் வாசித்தார். "தேத்தண்ணி விஷயத்தில மனுசன் பொய் சொல்லேல்லை" என்றார்.

போன சனிக்கிழமை எண்ணெய் பூசிய மட்டையை முதுகில் கட்டிக்கொண்டு மகள் முன்னே சைக்கிள் ஓட, நான் பின்னே என்னுடையதில் போனேன். மைதானம் அந்தத் தேவாலய மண்டபத்தின் பக்கம்தான். மண்டபத்தைக் காட்டிக் கதையைச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். பஸ் தரிப்பிடம் வந்த பிறகுதான் அதைத் தாண்டி வந்துவிட்டோம் என்று தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். மண்டபம் இருந்த இடத்தில் நாலு மாடிக் குடியிருப்பு. கேற்றும் இல்லை, பலகையும் இல்லை. ஹார்ப்பர் போய்க் கனகாலம்.

அந்த இடத்தை நான் இறங்காமல் கடந்தது அதுதான் முதல்தடவை. கேற் இருந்திருந்தால் இறங்கியிருப்பேன்.