துக்க வீட்டில் தினமும் சிரிக்கிறேன்

போன வாரம் சிரித்ததற்காகத் திட்டு வாங்கினேன். அப்பாவுக்குக் காரியம் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அதற்குள் மகன்காரன் வாசலில் நின்று மொத்தப் பல்லையும் காட்டினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

எதிர்வீட்டு செல்வி அக்கா நேராகவே கேட்டுவிட்டார்.

"அப்பன் போன ஈரம் கூட காயல. இன்னாடா இளிச்சிகினு கீற?"

அம்மாதான் சிரிக்கச் சொன்னார் என்றால் நம்புவாரா?

விஷயம் இதுதான். கொஞ்ச நாளாக என் இடது கன்னம் மரத்துப்போகிறது. பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். சில நாள் கழித்துத் திரும்ப வரும். ஒருநாள் ஷேவ் பண்ணும்போது வெட்டிக்கொண்டேன் — சட்டையில் ரத்தம் சொட்டிய பிறகுதான் தெரிந்தது.

அப்பாவுக்கும் முகத்தில்தான் ஆரம்பித்தது. வாய் ஒரு பக்கம் கோணியது. வாய்வு என்று நினைத்து வெந்நீர் கொடுத்தோம். வந்தது பக்கவாதம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்... விடுங்கள்.

அங்கே ஒரு நர்ஸ் சொன்னாராம் — சிரிக்கச் சொல்லிப் பாருங்கள், கோணினால் உடனே ஓடி வாருங்கள் என்று. அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் இந்த வருஷம் பொங்கல் கிடையாது, புதுத்துணி கிடையாது, டிவி சத்தம் கிடையாது. ஆனால் நான் சவாரிக்குக் கேப் காரை எடுக்கும் முன்னால் வாசல் வெளிச்சத்தில் நின்று சிரித்தே ஆக வேண்டும்.

"எடது பக்கம் கம்மியா கீது. இன்னும் சிரி."

"நீ பெத்த மூஞ்சியே அப்டித்தாம்மா."

செங்கல்பட்டில் ஸ்கேன் எடுத்தோம். மூளையில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள். நான் எட்டாவதோடு நின்றவன். 'உன் தலையில் ஒன்றுமே இல்லை' என்று சொன்ன கணக்கு வாத்தியாருக்கு அந்தப் படத்தை அனுப்பலாமா என்று கூட யோசித்தேன்.

புள்ளி ஏன் வந்தது? திருப்போரூர் கேப் ஸ்டாண்டில் ஆளுக்கு ஒரு காரணம். ஏசி காத்து என்றார் ஒருத்தர். செல்போன் என்றார் இன்னொருத்தர். செய்வினை என்று கூட ஒரு குரல் வந்தது. என் ஃபிரெண்டு குணா மட்டும் தீர்மானமாகச் சொன்னான் — மாமல்லபுரத்தில் ரோட்டோரமாகத் தின்ற நண்டு வறுவல்தான்.

"நண்டு எப்டிடா மூளைக்குப் போவும்?"

"நடந்துதான் மச்சான்."

கடைசியில் ஸ்கேன் எழுதிக்கொடுத்த டாக்டரம்மாவிடமே கேட்டேன். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் இப்படிப் புள்ளி வருமாம். பிபி, சுகரால் வரலாம். வைட்டமின் குறைந்தாலும் வரலாம். எப்போதோ வந்த கிருமியின் தழும்பாக இருக்கலாம். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நம் நரம்பைத் தாக்குவதும் உண்டாம். எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைக்காதவர்களும் இருக்கிறார்களாம்.

நான் கேட்க வந்தது வேறு. "அப்பாவுக்கு வந்ததேதானா மேடம் இது?"

படத்தை மறுபடி பார்த்தார். அப்படித் தெரியவில்லை, ஆனால் எது என்று இப்போது சொல்ல முடியாது என்றார். ரத்த டெஸ்ட் எழுதினார். ஆறு மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன். கன்னம் மரத்துப்போனால் வண்டியை ஓரம் கட்டு, கை கால் தளர்ந்தாலோ பேச்சு குழறினாலோ எங்கேயும் நிற்காமல் வா என்றார்.

சிறுசேரி சவாரியை விட்டுவிட்டு நேராக வீட்டுக்கு வந்தேன். அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். அன்றைக்குச் சிரிக்கச் சொல்லவில்லை.

"இன்னா சொன்னாங்க?"

"இன்னான்னு தெரியலையாம்மா."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ நல்லதுதான்டா," என்றார். "உங்கப்பனுக்கு எல்லாம் தெரிஞ்சிதானே கைய விரிச்சாங்க. உனுக்கு இன்னும் தேடிகினு கீறாங்க. தேடட்டும். நீ உள்ள வா, சோறு ஆறுது."

டாக்டருக்குப் படித்தவர்கள் கூட இவ்வளவு தெளிவாக எனக்குச் சொல்லவில்லை. பெயர் தெரிந்த நோய் அப்பாவைக் கொண்டுபோய்விட்டது. பெயர் தெரியாத நோய் என் பக்கத்தில் உட்கார்ந்து சாம்பார் சோறு சாப்பிட்டது — இரண்டாவது அப்பளம் கூடக் கேட்டது.