அம்பாசடரில் புகுந்த காற்று

காளவாசல் சிக்னலில் பக்கத்து வேனின் டீசல் வாடை எங்கள் காருக்குள் வந்தது. பின்சீட்டில் அம்மா தானாகச் சிரித்தாள். எனக்கும் எங்கள் பழைய டீசல் அம்பாசடர் ஞாபகம் வந்துவிட்டது.

அதன் இன்ஜெக்ஷன் பம்புக்குள் காற்று புகுந்தால் வண்டி நின்றுவிடும். அந்தக் காற்றை வெளியேற்ற, அதாவது ‘ஏர் எடுக்க’, இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கைப்பம்பை அடிக்க, மற்றவர் தளர்த்திய ஸ்குரூவில் நுரை அடங்கிச் சுத்த டீசல் வருகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பாவும் அம்மாவும் நாலு நாளாகப் பேசவில்லை. டி. கல்லுப்பட்டிக்குக் கல்யாணத்துக்குப் போகும்போது வண்டி நின்றது. அம்மா பட்டுச்சேலையைச் செருகிக்கொண்டு இறங்கிக் கைப்பம்பைப் பிடித்தாள். அப்பா ஸ்குரூவைத் தளர்த்திவிட்டுக் குனிந்து பார்த்தார்.

“நுரை நின்னுருச்சா?”

“இன்னும் வருது, அடி.”

“இப்ப?”

“இன்னுங் கொஞ்சம் அடி.”

அதற்குப் பிறகு கல்யாண வீடு வரைக்கும் பேச்சு ஓயவில்லை.

அன்று காலையில் காற்று புகட்டும் என்று டீசல் குழாய் நட்டைத் தளர்த்தி வைத்ததே தான்தான் என்று போன மாதம் அப்பா என்னிடம் ஒப்புக்கொண்டார். அதை இப்போது அம்மாவிடம் சொன்னேன்.

“அது தெரியும். சுத்த டீசல் வந்தப்புறமும் அடி அடின்னாரு. நானும் அடிச்சேன்ல.”