வீட்டு மருந்து அலமாரியில் ஒரு விளக்கெண்ணெய் புட்டி

போன அக்டோபரில் வந்த நீண்ட வார இறுதியில், தெற்கு நியூ ஜெர்சியில் இத்தாலியர்கள் நிறைய வாழும் ஒரு சிற்றூருக்குப் போய்வந்தேன். ஊர்ப் பெயரை இந்த முறை எழுதப்போவதில்லை. எந்தத் தெருவில் பார்க்கிங் கிடைக்கும் என்பதுவரை சொல்கிறவள் இதை மட்டும் ஏன் மறைக்கிறாள் என்று கேட்பீர்கள். தெரேசாவின் சொந்தக்காரர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், அதனால்தான்.

தெரேசா என்னோடு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவர், ஓய்வு பெறப்போகிறவர். அவருடைய தாத்தா இத்தாலியிலிருந்து கப்பலில் கொண்டுவந்த ஒரு விளக்கெண்ணெய் புட்டியை, அந்த ஊர் இத்தாலியர் சங்கம் நடத்தும் குட்டி மியூசியத்துக்குக் கொடுத்திருந்தார். அங்கே அதற்குத் தப்பான விவரம் எழுதி வைத்திருக்கிறார்கள். மாற்றச் சொல்லி எத்தனையோ முறை கேட்டும் ஒன்றும் நடக்கவில்லை. நேரில் போய்க் கடைசியாகக் கேட்பது, முடியாது என்றால் புட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்வது என்று முடிவெடுத்துவிட்டார். தனியாகப் போனால் அழுதுவிடுவேன், நீயும் நேராக அங்கே வந்துவிடு என்றார்.

என்னோடு ராமமூர்த்தி அங்கிளும் ஒட்டிக்கொண்டார். எங்கள் குடியிருப்பில் பக்கத்து வீடு, மயிலாப்பூர்க்காரர், ரிட்டயர்டு இன்ஜினியர். ஆன்ட்டி மகள் பிரசவத்துக்காகக் கலிஃபோர்னியாவில் குபெர்டினோ போயிருந்ததால் அவருக்கு வீட்டில் பொழுது போகவில்லை. காலை எட்டு மணிக்கு எங்கள் ஊர் ஐசலினில் கிளம்பி, கார்டன் ஸ்டேட் பார்க்வே பிடித்து, ஏறக்குறைய எண்பது மைல். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டேன். வழியெல்லாம் இலைகள் நிறம் மாறியிருந்தன. டிராஃபிக் இல்லை.

டிராஃபிக் இல்லாததால் அங்கிளுக்கு அரசியல் பேச நேரம் கிடைத்தது. அவர் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று, வீட்டுக்கொரு பண்டம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடும் எங்கள் பாட்லக் கும்பலில் எல்லோருக்கும் மனப்பாடம். "எமர்ஜென்சியில ரயிலெல்லாம் டயத்துக்கு வந்துச்சும்மா. நம்ம ஜனங்களுக்கு அப்படி ஸ்ட்ராங்கா ஒருத்தன் வேணும்." நான் ரேடியோ சத்தத்தைக் கூட்டினேன். பெரியவர், வண்டியில் வேறு உட்கார்ந்திருக்கிறார், என்ன சொல்ல?

மியூசியம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். சங்கக் கட்டடத்தின் பின்பக்கம் இரண்டு அறைகள். சனிக்கிழமை காலை பத்திலிருந்து இரண்டு வரைதான் திறப்பார்கள். கட்டணம் இல்லை, வாசலில் உண்டியல் இருக்கிறது. முதல் அறையில் தையல் மெஷின், கல்யாணப் போட்டோக்கள், திராட்சை பிழியும் மரத்தொட்டி எல்லாம் அழகாகவே வைத்திருக்கிறார்கள். அதுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை.

இரண்டாவது அறையில் நுழைந்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. சுவரில் இத்தாலியின் ஃபாசிச சர்வாதிகாரி, முகவாயைத் தூக்கிக்கொண்டு நிற்கும் போட்டோ. கீழே ஒரு அட்டை: நாட்டில் ஒழுங்கு வந்த காலம், சதுப்பு நிலங்கள் விளைநிலமாயின, ரயில்கள் நேரத்துக்கு வந்தன. அவ்வளவுதான். தேர்தல் என்ற ஒன்றே இல்லாமல் போனது, எதிர்க்கட்சிக்காரர்களைக் கொன்றது, பத்திரிகைகளை மூடியது, எத்தியோப்பியாவில் விஷவாயு போட்டது, எதைப் பற்றியும் ஒரு வரி கிடையாது. அந்த ரயில் கதையும் பாதி பீலா. நான் அங்கிளைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அட்டையை இரண்டு தரம் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தெரேசாவின் புட்டி எதிர்ப்பக்க அலமாரியில் இருந்தது. பாஸ்தா உருட்டும் கட்டைக்கும் காபிக் கெட்டிலுக்கும் நடுவில், "வீட்டு மருந்து" என்ற அட்டையோடு.

அங்கிள் அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். சங்கச் செயலாளர், டை கட்டிய வெகு மரியாதையான மனிதர், பக்கத்திலேயே நின்றார். அவரிடம் அங்கிள் உற்சாகமாக எடுத்துவிட்டார்: எங்கள் வீட்டிலும் மாதம் ஒரு தரம், விடியற்காலையில், அம்மா மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவாள், நாங்கள் ஓட ஓட விரட்டுவாள். நம் ஆட்களில் யார் போயிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். செயலாளருக்கு வாயெல்லாம் பல். பார்த்தாயா தெரேசா, இந்தியாவிலும் இது மருந்துதானாம் என்றார்.

தெரேசா அழவில்லை. அங்கிளைப் பார்த்துத்தான் பேசினார், மெதுவாக.

அவருடைய தாத்தா ஒரு தையல்காரர். அந்தச் சர்வாதிகாரியின் கட்சி ஆட்சியைப் பிடித்த புதிதில், ஊர்வலம் போகும்போது தொப்பியைக் கழற்றவில்லை. அதுதான் குற்றம். பட்டப்பகலில் கருப்புச் சட்டைக்காரர்கள் கடைக்குள் புகுந்து இழுத்துப் போனார்கள். (நமக்குக் கருப்புச் சட்டை என்றால் பகுத்தறிவு மேடையோ சபரிமலை மாலையோதான் ஞாபகம் வரும். இவர்கள் வேறு, கட்சியின் அடியாட்கள்.) ஊர்ச் சதுக்கத்தில் நாற்காலியில் கட்டி, மூக்கைப் பிடித்து, புனல் வைத்து ஒரு புட்டி முழுக்க ஊற்றினார்கள். வேட்டியோ கால்சட்டையோ, ஒரு மனிதன் ஊர் முன்னால் அதை நாசப்படுத்திக்கொள்ளும்வரை அவிழ்த்துவிடவில்லை. தெரேசாவின் அம்மாவுக்கு அப்போது நாலு வயது, பார்த்துக்கொண்டு நின்றாளாம். காலிப் புட்டியைக் கடை வாசலில் வைத்து, பத்திரமாக வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்கப்புறம்தான் எனக்குத் தாங்கவில்லை. உறுப்பினர் அட்டை இல்லாதவனுக்கு வேலை இல்லை என்றானபோது, அவரும் அட்டை வாங்கினார். கடையில் தலைவரின் படத்தை மாட்டினார். பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கெல்லாம் கருப்புச் சட்டை கட்டாயமானபோது, அந்தச் சட்டைகளைத் தைத்ததும் அவர்தான். அளவெடுக்கும்போது யாரோடும் பேசமாட்டாராம். எந்த வீட்டுப் பையன் எதைக் கேட்டுப் போய் எங்கே சொல்வான் என்று தெரியாதே. இருபது வருஷம் ஒரு தேசத்தையே இப்படி வாயைக் கட்டி வைத்திருந்ததற்குப் பெயர் ஒழுங்காம்!

செயலாளருக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை, அதுதான் எரிச்சல். பள்ளிக் குழந்தைகள் வரும் இடம், வருத்தமான விஷயம் வேண்டாமே என்றார். தெரேசா விடவில்லை. கடைசியில் உண்மை வந்தது. "அன்னிக்கு ஊத்தினவங்க பேரப்பசங்களும் இந்தச் சங்கத்துல மெம்பர்தான், தெரேசா. அவங்க மனசு புண்படுமில்ல?" இங்கிலீஷில் இதை இன்னும் நயமாகச் சொன்னார்.

புண்படுமாம். குடித்தவனின் பேத்தி எதிரில் நிற்கிறாள், ஊற்றினவனின் பேரன் மனசு இவருக்கு முக்கியம்.

தெரேசா அலமாரியைத் திறக்கச் சொன்னார். புட்டியைத் தன் ஸ்கார்ஃபில் சுற்றிக்கொண்டு வெளியே போய்விட்டார். நானும் கிளம்பினேன். வாசலில் செயலாளர் அங்கிளைப் பிடித்துக்கொண்டார். உங்கள் ஓக் ட்ரீ ரோடு இந்தியக் கடைகளில் விளக்கெண்ணெய் கிடைக்குமே, பழசு மாதிரி தெரியும் புட்டி ஒன்று அனுப்ப முடியுமா, அலமாரி காலியாக இருக்கிறது பாருங்கள் என்று கேட்டார். கேட்க எப்படித்தான் மனசு வந்ததோ!

அங்கிள் யாருக்கும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். "கிடைக்கும் சார். எங்கம்மா குடுத்தது வேற, இது வேற. நான் தரமாட்டேன்." இதையும் இங்கிலீஷில்தான் சொன்னார்.

எலுமிச்சை சாதத்தைப் பூங்கா பெஞ்சில் மூன்று பேருமாகச் சாப்பிட்டோம். தெரேசா இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். திரும்பும்போது பார்க்வேயில் ஏறியதும் அங்கிள், "எங்கம்மா ஒரு ஸ்பூன்தாம்மா குடுப்பாங்க" என்றார். ரயிலைப் பற்றி அன்றைக்கு அவர் எதுவும் சொல்லவில்லை. மாறிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தீபாவளி பாட்லக்கில் வேறொருவர் அதே ரயிலை ஓட்ட ஆரம்பித்தபோது, எல்லோரும் இவர் முகத்தைப் பார்க்க, இவர் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போய்விட்டார்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். அக்டோபரில் ஆப்பிள் தோட்டங்கள் நன்றாக இருக்கும், குழந்தைகளோடு போகலாம். டோலுக்கு ஈஸி பாஸ் இருந்தால் நல்லது. சைவக்காரர்கள் காய்கறி சூப் வாங்குமுன் கோழி வேகவைத்த தண்ணீரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எந்த ஊர் மியூசியமானாலும் பொருளைப் பார்ப்பதோடு நிற்காமல், அட்டையை எழுதியவர் யார் என்றும் விசாரியுங்கள்.

தெரேசா விசாரித்ததில், "வீட்டு மருந்து" அட்டையை இன்னும் எடுக்கவில்லையாம், மேலே இடம் காலியாகத்தான் இருக்கிறதாம். உங்களை இந்தியர் என்று கண்டுகொண்டு, டை கட்டிய ஒருவர் மரியாதையாக வந்து விளக்கெண்ணெய் புட்டி ஒன்று கிடைக்குமா என்று கேட்டால், தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.