மழை ஊரில் எடுத்த ராகிக் குழி

நான் எழுத உட்காருவது சரிதானா என்று எனக்கே தெரியவில்லை. எட்டாவது வரை படித்தவள். கடிதம் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. அதிலும் நாலு வரிக்கு மேல் போனதில்லை. நாலு பேர் கூடியிருந்தால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள், முகம் தெரியாதவர்கள் படிக்கும்படி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ள வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். யார் பெயரையும் எழுதப் போவதில்லை. அவர்களிடம் நான் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் கம்பைநல்லூரில் தபால்காரர். முப்பது வருஷம் அந்த வெயிலில் நடந்தார். சைக்கிள் கொடுத்திருந்தார்கள், ஆனால் பாதி ஊர்களுக்கு சைக்கிள் போகாது. சித்திரையில் மதியம் வீட்டுக்கு வந்தால் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, இன்னொரு சொம்பைத் தலையில் ஊற்றிக்கொள்வார். ரிட்டயர் ஆனதும் மழை பெய்கிற ஊருக்குப் போய்விட வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் சொல்வதுதானே என்று நான் இருந்துவிட்டேன். எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் ரிட்டயர் ஆன சமயம், அவரோடு வேலை பார்த்த ஒருவர் தளிப் பக்கத்தில் இருந்த ஓட்டு வீட்டையும் ஒன்றரை ஏக்கர் நிலத்தையும் விற்றுவிட்டு மகனோடு பெங்களூர் போவதாக இருந்தார். இவர் வாங்கிவிட்டார். அப்போது அதுவும் இதே தருமபுரி மாவட்டத்தின் வடக்கு ஓரம்தான். ஆனால் எங்களுக்கு அது வேறு நாடு. மலை, காடு, பனி, மழை. பாதிப் பேர் வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள்.

அவருக்கு மார்கழி, தை வந்தால் இளைப்பு உண்டு. அந்த வருஷம் மாசியிலும் விடவில்லை. தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் முதுகில் குழாயை வைத்துப் பார்த்தார். இவர் திரைக்குப் பின்னால் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது டாக்டர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“தளிப் பக்கம் குடி போறதா சொல்றாரே, நெஜமா?”

“ஆமாங்க.”

“அந்த ஈரமும் குளிரும் இவரு நெஞ்சுக்கு ஆகாதும்மா. இந்த வெயில் ஊர்தான் இவருக்கு மருந்து. நான் சொன்னா சிரிச்சுக்கிட்டே போயிடுவாரு. நீங்க வூட்ல பொறுமையா சொல்லுங்க.”

நான் தலையை ஆட்டினேன். வெளியே வந்தபோது இவர் எனக்கு முன்னாலேயே போய் டீக்கடையில் நின்றுகொண்டு, டீ ஆற்றுகிறவரிடம் தளியில் வைகாசியிலேயே சட்டை நனையும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி முகம்.

“டாக்டர் என்ன சொன்னாரு?” என்று கேட்டார்.

“வேளைக்கு மாத்திரை போடச் சொன்னாருங்க.”

அதைத்தான் சொன்னேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன். பங்குனியில் சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டோம்.

அந்த ஊருக்குப் போன நாளிலிருந்து எனக்குப் பயம்தான். எங்கள் பக்கத்தில் நின்ற இடத்திலிருந்து ஒரு மைல் தூரம் கண்ணுக்குத் தெரியும். அங்கே புல்லும் செடியும் மூடி, காலை எங்கே வைக்கிறோம் என்பது தெரியாது. காலையில் பனி இறங்கினால் கிணற்றுக்குப் போகிற வழியே இருக்காது. வைகாசியில் தூறல் பிடித்தது. துணி காயவில்லை. உப்பு கரைந்து ஜாடியில் தண்ணீராக நின்றது. தீப்பெட்டியை ராகி மாவு டப்பாவுக்குள் புதைத்து வைத்தால்தான் குச்சி பற்றும். இவரோ நாற்காலியைத் தாழ்வாரத்தில் போட்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு மழையைப் பார்ப்பார்.

“பாரு புள்ள, ஓசிலயே பெய்யுது” என்பார்.

நான் மழையைப் பார்க்க மாட்டேன். அவருடைய மார்பைத்தான் பார்ப்பேன். சமையல் வேலையில் இருந்தாலும் காது அவர் மூச்சில் இருக்கும். விசில் மாதிரி ஒரு சத்தம் ஆரம்பித்தால் என் கை அப்படியே நின்றுவிடும். டாக்டர் சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கு ஏதாவது ஆனால் கொன்றவள் நான்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

பக்கத்துத் தோட்டத்தில் ஒரு புருஷன் பெண்டாட்டி இருந்தார்கள். கன்னட வீடு, ஆனால் எங்களிடம் தமிழில் பேசுவார்கள். அந்தப் பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. நான் மழையைப் பற்றிச் சொன்னபோது சிரித்தாள்.

“இது மழையா அக்கா? இது சும்மா தெளிக்கிறது. ஐப்பசி வரட்டும், நோடுங்க, நீங்களே பாருங்க. உங்க ஊர்ல வருஷமெல்லாம் பெய்யறத எங்களுக்கு ஒரே வாரத்துல குடுத்துருவான்.”

இனி அந்தக் குழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ராகியை நிலத்தில் குழி எடுத்துத்தான் வைப்போம். வாய் குறுகலாக, உள்ளே போகப் போக அகலமாக, ஒன்றரை ஆள் ஆழம் இருக்கும். இறங்குவதற்குப் பக்கத்தில் கால் வைக்கும் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். உள்ளே வைக்கோல் கொளுத்திக் காயவைத்து, சாணம் மெழுகி, ராகித்தாள் பரப்பிக் கொட்டி, மேலே கல் வைத்து மண் போட்டு மூடினால் பத்து வருஷமானாலும் பூச்சி வராது. நாங்கள் கொண்டுவந்த எட்டு மூட்டையில் இரண்டை வீட்டுக்கு வைத்துக்கொண்டு, ஆறு மூட்டைக்கு வந்த பங்குனியிலேயே வீட்டுப் பின்னால் இவர் குழி எடுத்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

“அண்ணா, இங்க குழின்னா மேட்டுல, பாறை ஓரமாத்தான் எடுப்போம். இது பள்ளம். தண்ணி ஊறும்.”

“ஒன்றரை ஆள் ஆழம் எறங்கிட்டேன், ஒரு சொட்டு ஈரமில்லீங்களே.”

“பங்குனில கெணத்துலயே ஈரம் இருக்காதுங்கண்ணா.”

இவர் சிரித்தார். எங்கள் வழக்கப்படி ஒரு சட்டி சாம்பலைக் குழியின் அடியில் வைத்து மூடி, மறுநாள் எடுத்துப் பார்த்தார். சாம்பல் பொடியாக, கையில் ஒட்டாமல் இருந்தது. எங்கள் ஊர்க் கணக்குக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. ராகியைக் கொட்டி மூடிவிட்டார்.

ஐப்பசியில் வீட்டு மூட்டைகள் தீர்ந்தன. நாலு நாளாக விடாத மழை. அன்று காலை பத்து மணிக்குக் கொஞ்சம் வெறித்தது. இவர் மண்வெட்டியை எடுத்தார். மண்ணைத் தள்ளிக் கல்லைப் புரட்டியதும் ஒரு புளித்த வாடை வந்தது, மூணு நாள் கூழ்ப் பானையைத் திறந்த மாதிரி.

“மேலாக்குல கெட்டிருக்கும். அடியில நல்லாத்தான் இருக்கும்” என்றார்.

குழியைத் திறந்தால் ஒரு நாள் அப்படியே விட வேண்டும். உள்ளே கெட்ட காற்று இருக்கும். பிறகு விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். எரிந்தால்தான் ஆள் இறங்கலாம். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம். ஆனால் அங்கே ஒரு நாள் எப்படித் திறந்து வைப்பது? மேற்கே மறுபடியும் கருத்துக்கொண்டு வந்தது. திறந்துவிட்டால் மழை முழுக்க உள்ளேதான் இறங்கும்.

“விளக்கை மட்டும் காட்டிட்டு ரெண்டு கூடை எடுத்துக்கறேன். அதுக்குள்ள மூடிடலாம்” என்றார்.

சிம்னி விளக்கை ஏற்றிக் கயிற்றில் இறக்கினார். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாய்க்குக் கீழே இரண்டு முழம் போனதும் அணைந்துவிட்டது. மேலே இழுத்து, மறுபடியும் ஏற்றி இறக்கினார். மறுபடியும் அணைந்தது.

“காத்து புள்ள இந்த ஊர்ல. எந்த விளக்கு நின்னு எரிஞ்சுது?” என்றார்.

அது உண்மைதான். அந்த ஊரில் சமையலறை விளக்குகூட நாளைக்கு நாலு தடவை அணையும். நானே திட்டுவேன். ஆனால் அந்த நிமிஷம் குழியின் ஓரத்தில் கிடந்த வைக்கோல்கூட ஆடவில்லை. அதை நான் பார்த்தேன்.

“வேண்டாங்க” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“ராத்திரிக்கு என்னத்தக் கிண்டுவ?”

துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, கூடையை உள்ளே போட்டுவிட்டு, கால் பள்ளத்தில் காலை வைத்து இறங்கினார். இடுப்பு மறைந்தது. மார்பு மறைந்தது. நான் ஈர மண்ணில் குப்புறப் படுத்து அவருடைய வலது கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். “என்ன புள்ள இது, விடு” என்றார். விடவில்லை. தலை கீழே போனது. ஒரு இருமல் கேட்டது. இன்னொன்று பாதியில் நின்றது. மேலே பார்த்தார். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கால் நழுவி முழுப் பாரமும் என் கையில் வந்து தொங்கியது.

இழுக்க முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்தேன். சேற்றில் நானே வழுக்கி முன்னால் போனேன். முகத்தில் அந்தப் புளித்த வாடை அடித்தது. தலை சுற்றியது. கத்த வேண்டும் என்று தெரிகிறது, வாய் வரவில்லை. பிரசவத்தில்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள் நான். சந்தையில் ஒரு ஆளைக் கூப்பிட்டதில்லை. என் கையைப் பற்றியிருந்த அவருடைய விரல்கள் தளர்வது தெரிந்தது. அப்போது ஒரு சத்தம் வந்தது. நான்தான் கத்தினேன் என்பது அடுத்த தோட்டத்தில் நாய் குரைத்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு நிறுத்தாமல் கத்தினேன்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இருவரும் ஓடி வந்தார்கள். அவர் ஒரு பார்வையிலேயே புரிந்துகொண்டு, “மூச்சு விடாதீங்க அக்கா, மூஞ்சியத் திருப்புங்க” என்று சொல்லி, படுத்து, இவருடைய அக்குளில் கையைக் கொடுத்தார். அந்தப் பெண் தன் புருஷன் காலைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேருமாக இழுத்து வெளியே போட்டோம். உதடு நீலமாக இருந்தது. அவர் இவரைக் குப்புறத் திருப்பி முதுகில் அழுத்தினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அந்த விசில் சத்தம் வந்தது. எட்டு மாசமாக எந்தச் சத்தத்துக்குப் பயந்தேனோ அதற்காக அன்று அழுதேன்.

தாழ்வாரத்தில் கட்டிலில் படுக்க வைத்தோம். மழை பிடித்துக்கொண்டது. மதியம் தாண்டித்தான் இவர் கண்ணைத் திறந்து ஆளை அடையாளம் கண்டார். அந்தப் பெண் சுக்கு மல்லித் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள்.

“போஸ்ட்டு அண்ணா, கீழ யாருக்குக் கடுதாசி குடுக்கப் போனீங்க?” என்றார் அவள் புருஷன்.

இவர் சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

“அக்காவுக்கு இவ்வளவு பெரிய தொண்டை இருக்குன்னு எங்களுக்குத் தெரியாதுங்க” என்றாள் அந்தப் பெண். “ஆனை வந்துருச்சோன்னு தட்டி வெரட்டத் தகரத்தை எடுத்துட்டு ஓடி வந்தேன்.”

அவர்கள் போனபின் நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். என் கையிலும் அவர் மணிக்கட்டிலும் விரல் தடம் சிவப்பாக இருந்தது. இதற்கு மேல் வைத்திருக்க முடியாது என்று தோன்றியது. டாக்டர் மாசி மாதம் சொன்னதைச் சொன்னேன். ஈரம் ஆகாது என்றதை, வெயில்தான் மருந்து என்றதை, என்னைச் சொல்லச் சொன்னதை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவர் கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முப்பது வருஷத்துல ஒருத்தரு சேதியக்கூட நான் ஒரு நாள் வெச்சுக்கிட்டதில்ல” என்றார். “நீ எட்டு மாசம் வெச்சிருக்க.”

“பயமா இருந்துச்சுங்க.”

“எதுக்கு? நான் செத்துருவேன்னா?”

“இல்லீங்க. நீங்க வர மாட்டேன்னு சொல்லிடுவீங்கன்னு. மறுபடியும் அந்த வெயில்லயே ஒக்காந்துருப்பீங்களே.”

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மூச்சு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை.

மறுநாள் காலை பக்கத்துத் தோட்டத்துக்காரர் இரண்டு வண்டி மண் கொண்டுவந்து ராகியோடு அந்தக் குழியைத் தூர்த்தார். நானும் என் வீட்டுக்காரரும் ஏழரை மணி பஸ்ஸில் ஏறி தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.