சோமா அக்காவின் அட்டையில் வாங்கிய சட்டிகள்

வைதேகி, கோபி — இந்த வாரப் பத்தி உங்கள் இருவருக்கும்தான். மற்றப் பிள்ளைகளும் அவர்களின் அப்பா அம்மாவும் வழக்கம்போல் எட்டிப் பார்த்து வாசிக்கலாம். ஆனால் கேள்வி கேட்டது எங்கள் வீட்டில், பதிலும் எங்கள் வீட்டுக்குத்தான்.

எங்கள் கட்டிலுக்குக் கீழே ஒரு பெரிய பெட்டி கிடக்கிறது. பெட்டியின் மேல் சட்டிகளும் கண்ணாடி மூடிகளும் பளபளவென்று படமாக இருக்கின்றன. உள்ளே இருப்பவை இன்னும் வெளிச்சம் பார்க்கவில்லை. உங்கள் அம்மாவோ கைப்பிடிக்குக் கம்பி சுற்றிய பழைய தாச்சியில்தான் இன்றைக்கும் கத்தரிக்காய் பொரிக்கிறார்.

"ஏனப்பா இன்னும் பிரிக்கேல்லை?" என்று கோபி கேட்டான்.

"நல்ல நாள் பார்த்துப் பிரிப்பம்" என்றேன்.

பொய். வைதேகி அதைக் கேட்டுக்கொண்டே பாடப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்திருந்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். அதையும் சொல்கிறேன்.

வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். முகம் பார்த்துச் சொல்ல முடியாததைத் தாளில் சொல்லலாம் என்று கற்றுக்கொண்டதே இந்தப் பத்தி எழுத வந்த பிறகுதான்.

நான் வேலை செய்யும் அச்சகம் பொரளையில் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பின்னேரம் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு பெரிய கடை. அதன் கண்ணாடிக்குள் இந்தச் சட்டி செற்றை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒட்டாத தாச்சி, குழம்புக்குச் சட்டி, சோற்றுக்குப் பானை… ஒவ்வொன்றுக்கும் மூடி. மேலே ஒரு துணிப் பதாகை, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். படையினரின் குடும்பங்களுக்கு, அட்டையைக் காட்டினால், விசேட கழிவு. கிட்டத்தட்டப் பாதி விலை!

தமிழில் ஏன் எழுதவில்லை என்று எனக்குக் கோபம் வரவில்லை. எழுதினாலும் யார் வாசித்துவிட்டுப் போய் வாங்குவது? ஆனால் பாதி விலை என்பது எந்தப் பாஷையில் இருந்தாலும் கண்ணில் குத்தும், இல்லையா?

அம்மாவுக்கு அந்த வாரம்தான் தாச்சியின் கைப்பிடி கழன்று மணிக்கட்டில் எண்ணெய் பட்டிருந்தது. சொல்லாமல் வாங்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசை தப்பில்லை. வழிதான் தப்பு.

படையில் பிள்ளை உள்ள ஒரு வீடு எனக்குத் தெரியும். மதிலுக்கு அந்தப் பக்கம்.

சோமா அக்காவை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வாசகர்களுக்காகச் சொல்கிறேன் — எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் அடுத்த வீட்டுச் சிங்களப் பெண்மணி. புருஷன் இல்லை. ஒரே மகன், ஆமியில். பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். மகனை இங்கே சுது என்று வைத்துக்கொள்வோம். கோபியைத் தோளில் ஏற்றிக் கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போன அதே சுது.

அவன் லீவில் வரும்போதெல்லாம் சோமா அக்கா ஒன்று செய்வார். அவன் சீருடையைத் துவைத்து வெளிக்கொடியில் போடமாட்டார். வீட்டுக்குள் ஃபானுக்குக் கீழே காயப்போடுவார், எங்கள் கண்ணில் படக்கூடாதென்று. நாங்களும் அந்த நாட்களில் தமிழ்ச் செய்தி நேரத்தில் ரேடியோவைக் குறைத்துவிடுவோம். யாரும் யாரையும் கேட்டுச் செய்யவில்லை.

சுது வடக்கில் எந்தப் பக்கம் பார்த்துத் துவக்குப் பிடித்து நிற்கிறான் என்று எனக்குத் தெரியாதா? உங்கள் மாமா குடும்பம் அங்கேதான் மரத்தடிகளில் இடம் மாறி இடம் மாறி இருக்கிறது என்று சோமா அக்காவுக்குத் தெரியாதா? இரண்டு பேருக்கும் எல்லாம் தெரிந்துகொண்டுதான் சித்திரைப் புத்தாண்டுக்கு அங்கிருந்து கிரிபத் என்கிற பாற்சோறு வரும், இங்கிருந்து பயற்றம் பணியாரம் போகும்.

இந்தப் புத்தாண்டுக்குச் சுது வரவில்லை. கிரிபத்தும் வரவில்லை.

சந்திக் கடை முதலாளி சவர்க்காரத்தைச் சுற்றித் தரும்போது, "சோமா நோனாட மகன்ட ஒரு சிலமனும் இல்லையாமே" என்றார், தகவலே இல்லையென்று. நான் சவர்க்காரத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என்ன கேட்பது? ஒரு தமிழன் மதிலால் எட்டி, உங்கள் மகன் எந்த முகாம், என்ன நடந்தது என்று விசாரிப்பதா? யாராவது கேட்டுவிட்டால்? இந்த ஒழுங்கையில் எத்தனை தடவை கதவு தட்டி அடையாள அட்டை பார்த்திருக்கிறார்கள்… பயப்பட எனக்கு நியாயம் இருந்தது.

ஆனால் பாருங்கள். துக்கம் விசாரிக்கப் போகப் பயந்த அதே மதிலடிக்கு, சட்டி செற் என்றதும் விறுவிறுவென்று போய்விட்டேன்.

சோமா அக்கா பைப்படியில் கை கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஈரக் கையை மதிலில் வைத்தார்.

"கார்ட் இருக்கு" என்றார். இத்தனை வருடம் வெள்ளவத்தையில் இருந்து பழகிய தமிழ் அவருடையது. "ஆனா அவங்க எடுப்பாங்களோ தெரியாது, மல்லி."

"ஏன் எடுக்காம? கடையில போர்டே போட்டிருக்கு அக்கே!"

என் கழுத்துக்குக் கீழே எங்கேயோ பார்த்தார். "உன்ட நோனாக்குக் கை சுட்டது எண்டாங்களே…" என்றார். பிறகு, "ஹா… யமு மல்லி. போவம்" என்றார்.

சனிக்கிழமை போனோம். நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். கடைக்குள் வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். நான் இரண்டு வார்த்தை சிங்களம் பேசினால் மூன்றாவது வார்த்தையில் யாழ்ப்பாணம் எட்டிப் பார்க்கும்.

விற்பனைப் பெண் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கொஞ்சம் இருங்க அம்மே. நம்பரைப் போன் பண்ணிக் கேட்டுட்டு வாறன்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சோமா அக்கா என் கையைப் பிடித்தார். சட்டையோடு சேர்த்து, முழங்கைக்கு மேலே. விரல்கள் இறுகிக்கொண்டே போயின. அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பிடிபட்டுவிடுவோம் என்று பயப்படுகிறார் என்று நினைத்தேன்! தமிழ் வீட்டுக்குச் சட்டி வாங்க மகனின் அட்டையைக் கொடுத்தது தெரிந்துவிடுமோ என்று… எனக்கு அந்தப் பயம்தான். ஆகவே அவருக்கும் அதுதான் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். "பயப்பட வேணாம் அக்கே" என்று காதுக்குள் தைரியம் வேறு சொன்னேன்.

பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். "ஹரி அம்மே, சரி."

சோமா அக்கா பக்கத்திலிருந்த ரைஸ் குக்கர் பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கடையே பதறியது. ஒருவர் நாற்காலி கொண்டுவந்தார், இன்னொருவர் சோடா. மனேஜர் வந்து கைகூப்பி நின்றார்.

"மகன் எங்க அம்மே?"

"உதுரே." வடக்கில்.

"லீவு எப்ப?"

"வெசாக் பண்டிகைக்கு வாறான்."

"அப்ப இது கல்யாணத்துக்கா?"

"வேற? மருமகள் வந்தா மண்சட்டியிலயா சமைக்கிறது?" என்றார் சோமா அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வரிசையில் நின்ற ஒரு பெண் முன்னால் வந்து அவருடைய கையை இரண்டு கைகளாலும் தொட்டாள். மனேஜர் என்னைப் பார்த்து, இவர் யார் என்றார்.

"மகே மல்லி" என்றார் சோமா அக்கா. என் தம்பி.

தம்பி என்ன செய்துகொண்டிருந்தான்? கண்ணாடி மூடிகளில் கீறல் இருக்கிறதா என்று தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பஸ்ஸில் யன்னல் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், மடியில் பெட்டி. இரண்டு தரிப்பிடம் தாண்டியதும் வெளியே பார்த்தபடியே பேசினார். பஸ்ஸில் தமிழ் கூடாதென்று எனக்காகச் சிங்களத்தில், மெதுவாக. எனக்கு விளங்கியதை நம்முடைய பேச்சில் தருகிறேன்.

"மல்லி, வீட்டுக்கு ஆமிக்காரங்க வந்து சொல்லிட்டுப் போனாங்க. காணாமப் போயிட்டானாம். செத்திட்டான் எண்டும் சொல்லல்ல. இருக்கான் எண்டும் சொல்லல்ல."

நான் பெட்டியை இறுக்கிப் பிடித்தேன்.

"அண்டையிலயிருந்து அந்தக் கார்ட்டை நான் வெளிய எடுக்கல்ல. எங்கயாவது குடுத்து, இது செல்லாது எண்டு சொல்லிட்டா? அப்ப அவங்களுக்கு ஏதோ தெரியும் எண்டுதானே அர்த்தம்… இண்டைக்கு அந்தப் பிள்ளை உள்ள போனதும் எனக்கு உயிரே இல்ல. ஆனா சரி எண்டிட்டாள், பார்த்தியா? செல்லுதாம். பேர் இன்னும் இருக்குதாம்."

கொஞ்ச நேரம் கழித்து, "வெசாக்குக்கு வாறான் எண்டு சொல்லேக்க நல்லா இருந்திச்சு" என்றார்.

என் மேல் அவருக்கு ஒரு துளி கோபமில்லை, பிள்ளைகளே. இருந்திருந்தால் நான் இன்றைக்கு இவ்வளவு சின்னவனாக இருக்கமாட்டேன்.

மகன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்ற பதிலைக் கேட்கப் போவதுபோல் அந்த மனுஷி கவுண்டரில் நின்றிருக்கிறார். எங்கள் அடுப்பில் ஒரு தாச்சிக்காக. நாங்கள் கழிவு, கழிவு என்று பறக்கிறோமே… கடைக்காரன் குறைத்த பாதியைப் பக்கத்தில் நிற்கிற யாரிடமிருந்து அறவிடுகிறான் என்று திரும்பிப் பார்க்கிறோமா?

வீட்டுக்கு வந்தேன். நீங்கள் இருவரும் ரியூஷனில். அம்மா பெட்டியைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"உவ்வளவு காசுக்கு எங்க போனியள்?"

சோமா அக்காவின் கார்ட்டில் என்றேன். மலர்ந்த முகம் அப்படியே நின்றது.

"உங்களுக்கு விசரே? அவன் காணாமப் போயிட்டானெல்லோ!"

"இப்ப பஸ்ஸிலதான் சொன்னவ. உமக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் ஒவ்வொரு நாளும் பின்னேரம் போய் அவவோட இருந்திட்டுத்தானே வாறன். அண்டைக்கு அவவுக்குத் தேத்தண்ணி போட்டுக் குடுத்திட்டு ஓடிவந்து பொரிக்கேக்கதான் இந்தக் கை சுட்டது. வைதேகியும் வாறவள். அவள்தான் ஆமிக்குக் குடுக்கிற கடிதத்துக்கு இங்கிலீஷ் எழுதிக் குடுத்தவள்."

"எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

அம்மா கோபப்படாமல்தான் சொன்னார். "சொன்னா, போகாதை, எங்களுக்கு ஏன் வில்லங்கம் எண்டு மறிச்சிருப்பியள்."

மறித்திருப்பேனா?

மறித்திருப்பேன்.

வைதேகி, ஒரு நல்ல காரியத்தை அப்பாவுக்குத் தெரியாமல் செய்யவேண்டும் என்று உன்னை நினைக்க வைத்தவன் நான். நீ கேள்வி கேட்காததன் காரணம் இதுதான் என்று இப்போது தெரியும். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

"திருப்பிக் குடுத்திட்டு வரட்டே?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"குடுத்தா? திரும்ப அவவின்ர கார்ட்டைத்தானே கொண்டு வா எண்டுவாங்கள். திரும்பவும் போன் பண்ணுவாங்கள். இன்னொருக்கா அந்த மனுசியை அங்க கொண்டுபோய் நிப்பாட்டப் போறியளோ?"

அம்மா பெட்டியைக் காலால் கட்டிலுக்குக் கீழே தள்ளினார்.

"கிடக்கட்டும். அவன் வரட்டும். வந்து அவன்ர கையால பிரிக்கட்டும்."

கோபி, உன் கேள்விக்குப் பதில் இதுதான். நல்ல நாள் ஒன்றும் பார்க்கவில்லை. ஒரு ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சோமா அக்கா இதை வாசிக்கமாட்டார். அவருக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது. நான் துணிந்து எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம் — அந்த வெட்கத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நேற்று நான் மதிலடிக்குப் போனேன். இந்தத் தடவை ஒன்றும் கேட்பதற்கில்லை. "அக்கே, சாப்பிட்டீங்களா?" என்றேன். "ஓம்" என்றார். அதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. பழகவேண்டும்.

இன்னொன்று, இது அம்மாவுக்கும் தெரியாது.

இன்று காலை வேலைக்குப் போகும்போது பொரளைக்கு ஒரு தரிப்பிடம் முன்னாலேயே இறங்கினேன். அங்கே தெருவோரத்தில், பௌத்தர்கள் நேர்ந்து தண்ணீர் ஊற்றுகிற ஒரு வெள்ளரசு மரம், சுற்றிவரச் சின்ன மதில். இத்தனை வருடம் பஸ்ஸிலிருந்து பார்த்ததோடு சரி. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பைப்படியில் சின்னக் குடங்கள் இருந்தன. ஒன்றில் தண்ணீர் பிடித்தேன். எப்படிச் செய்வது என்று தெரியாது. முன்னால் குடத்தோடு சுற்றிய ஒரு பெண்ணைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரிச் சுற்றினேன். அவர் போய்விட்டார். நான் மட்டும் நின்றேன்.

சுது வரவேண்டும் என்று தமிழில் சொன்னேன். சொன்ன கையோடு உங்கள் மாமாவின் முகம் வந்தது. சுது வந்தால், லீவு முடிய அவனை மறுபடி அங்கேதானே அனுப்புவார்கள்? குடத்தைச் சரிக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு தண்ணீரை வேரில் ஊற்றினேன். வரட்டும்… வந்தவன் திரும்பிப் போகாமல் இருக்கட்டும்.